முப்பத்தைந்து ரூபாய் மிச்சம்

2023 செப்டம்பரில், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு இது. வண்டி சர்வீஸ் 800, பெட்ரோல் 1,200, இரண்டு ராத்திரி ரூம் 1,500, சாப்பாடு 2,000, இதர செலவு 500. ஆக மொத்தம் 6,000. ஆள் இரண்டு, வண்டி ஒன்று, நாள் நான்கு. மதுரையில் கிளம்பி போடி, மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி, வால்பாறை எனச் சுற்றி மதுரைக்கே திரும்புவது. என் மாமா பையன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் ஐநூறு கொறைக்கலாம் மச்சான்" என்றான். அவன் அப்படித்தான். ஆட்டோவில் போகும்போதுகூட மீட்டரைவிட ரோட்டைத்தான் பார்ப்பான், டிரைவர் சுற்றிப் போகிறாரா என்று.

வண்டி என்னுடைய பழைய ஸ்பிளெண்டர். 97.2 சிசி, நாலு கியர், ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறேன் என்றதும் ஆபீஸில் ஒருவர் சிரித்தார். போடி பக்கம் போய்ப் பாருங்கள், இதே வண்டியில் உர மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற ஆட்கள் தினமும் உண்டு. மலைக்குப் பெரிய வண்டிதான் வேண்டும் என்பது வண்டி விற்கிறவர்கள் சொல்லிக்கொடுத்தது.

ஏன் இந்த வழி என்று சொல்லிவிடுகிறேன். முதலில் யோசித்தது கொடைக்கானல், பிறகு அங்கிருந்தே மூணாறு. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பேரிஜம் ஏரி வழியாக, மூணாறு பக்கம் இருக்கிற டாப் ஸ்டேஷன் என்ற மலை உச்சி ஊருக்கு ஒரு பழைய பாதையும் இருந்தது. 1990 வாக்கில் வனத்துறை அதை மூடிவிட்டது. இன்று கொடைக்கானலிலிருந்து மூணாறு போக வேண்டுமானால் மலையை விட்டுக் கீழே இறங்கி, தேனி, போடி என்று வந்து, மறுபடி ஏற வேண்டும். இதை வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மலைக்கு மலை தாவிப் போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் ஒவ்வொரு மலைக்கும் கீழே ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த மலை. கொடைக்கானலுக்கு வத்தலகுண்டு. மூணாறுக்கு இந்தப் பக்கம் போடி, அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டை. வால்பாறைக்குப் பொள்ளாச்சி.

அந்த அடிவார ஊர்களில் யாரும் 'வியூ' விற்பதில்லை. லாட்ஜ் என்பது வியாபாரத்துக்கு வந்தவன் ராத்திரி தலையைச் சாய்க்கும் இடம், அவ்வளவுதான். ஆகவே வாடகை பாதி. இட்லியும் மேலே விற்கும் விலைக்கு விற்காது. மலை ஏறுவதற்குப் பெரிய செலவு கிடையாது, மலையில் படுத்துத் தூங்குவதற்குத்தான் செலவு. தூங்கும்போது கண்ணை மூடித்தானே தூங்குகிறோம், பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலுக்கு எதற்கு இரண்டாயிரம்? ராத்திரி கீழே, விடியலில் மேலே. இதுதான் எங்கள் திட்டத்தின் மொத்தமும். மறையூரை மட்டும் விதிவிலக்காக வைத்தோம். அது மூணாறுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கொஞ்சம் தாழ்வான ஊர். மூணாறு வாடகை அங்கே இல்லை.

காந்தி ஜெயந்தி அந்த வருஷம் திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் லீவு. அதற்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். சேர்ந்தாற்போல லீவு வருகிற நாளில் மலைக்குப் போகிறவனுக்கு பட்ஜெட் என்ற சொல்லை உச்சரிக்கவே உரிமை இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். பதினைந்து வருஷமாக அவர்தான் பார்க்கிறார். "எங்க தம்பி?" என்றார். சொன்னேன். வேறு பேச்சு இல்லை. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் கழற்றி இரண்டுக்கும் புது பிரேக் ஷூ போட்டார். ஆயில் மாற்றி, ஏர் பில்டரைத் தட்டித் துடைத்து, செயினைத் தளர்த்தி இறுக்கி, ஒரு பிளக்கும் ஒரு கிளட்ச் கேபிளும் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "கேபிள் அந்து போனா காட்டுக்குள்ள எவன்கிட்ட கேப்ப?" 1,150 ஆனது. எடுத்த எடுப்பிலேயே 350 ரூபாய் எகிறியது. மாமா பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் போனில் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். புகைச் சான்றிதழைத்தான் நம் ஊரில் பலரும் மறந்துவிடுகிறோம். கேரள எல்லையைத் தாண்டினால் அதையும் கேட்பார்கள். பின்னால் உட்காருபவனுக்கும் ஹெல்மெட் வேண்டும். அந்த வருஷம் ஜூன் முதல் கேரளா முழுவதும் கேமரா வைத்து அபராதம் போட ஆரம்பித்திருந்தார்கள். இரவல் ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொண்டோம். அதற்குள் யாரோ தடவிய மல்லிகை எண்ணெய் வாசம் ஐந்து நாளும் எங்களோடு வந்தது.

போடியில் லாட்ஜ் இல்லை, சித்தி வீடு இருக்கிறது. ஆனால் சித்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? அல்வா, ஆப்பிள், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் என்று 480 ரூபாய். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் இலவசம் என்று பட்ஜெட் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் 600 என்றால் மிச்சம் 120.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று போடி போய்ச் சேரும்போது ராத்திரி எட்டு. கணவாயில் எதிர்க்காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. சித்தி ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிட்டது. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு நேரம். விடிவதற்கு முன் ஜீப் வந்துவிடும்.

நாலரைக்கு அடுப்பங்கரையில் சத்தம் கேட்டு எழுந்தேன். சித்தி புளிச்சாதம் கிளறி, அதிலேயே தனக்கு ஒரு தூக்குவாளி, எங்களுக்கு இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது. பழைய சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டைக் கட்டியிருந்தது. "எங்கடா சித்தி வேல பாக்குற மலைக்கு, காசு செலவழிச்சா போறீக?" என்று கேட்டுச் சிரித்தது. நக்கல் இல்லை, உண்மையிலேயே ஆச்சரியம். அஞ்சேகால் இருக்கும். தெருமுனையில் ஹாரன். ஜீப்பில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. இருந்த இடுக்கில் சித்தி ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது கத்தியது: "யான கெடக்கும், மெதுவா வாங்கடா!"

அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் யானையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பனை ஏப்ரல் 29-ஆம் தேதி பிடித்து, பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சித்தி தினமும் ஜீப்பில் போவது அதே சின்னக்கானல் பக்கம்தான்.

நாங்கள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, முதலில் டாங்கை நிரப்பினோம். கேரளாவில் பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூடுதல். போடியில் நிரப்பினால் உடுமலை வரை வேறு பங்க் தேவையே இல்லை. இதைக் கண்டுபிடித்ததில் மாமா பையனுக்குத் தனிப் பெருமை.

முந்தல் தாண்டியதும் மலை. போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அந்த நேரத்தில் அந்த ரோட்டின் அரசர்கள் தோட்ட ஜீப்புகள்தான். ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வளைவில் உறுமிக்கொண்டு போகும். நம் பக்கத்து ஹேண்டில்பாரை உரசாத குறை. ஓரமாக நின்று எல்லா ஜீப்பும் போகட்டும் என்று ஒரு டீ குடித்துவிட்டு ஏறுவதே உத்தமம். நாங்கள் அந்த டீயைக் குடிக்கவில்லை, பயத்தைக் குடித்தோம்.

மூன்றாவது வளைவுக்குமேல் ஸ்பிளெண்டர் மூன்றாவது கியரை மறந்துவிட்டது. இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் இஞ்சினின் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், மேலே காற்று மெலிந்துபோவதால். கார்புரேட்டர் வண்டிக்கு அது தெரியாது. கீழே ஊற்றிய அளவு பெட்ரோலையே ஊற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கொஞ்சம் மூச்சு முட்டும், சைலன்சரில் பெட்ரோல் வாசம் வரும். முறுக்காமல், இருபதில் போய்க்கொண்டே இருந்தால் போதும், ஏறிவிடும். பத்தாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தோம். போடி ஊர் விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. இதற்கு டிக்கெட் கிடையாது.

போடிமெட்டு, பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, தேவிகுளம் என்று மூணாறுக்குப் பத்தரைக்குப் போனோம். மூணாறைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஊருக்குள் நெரிசல், சாக்லேட் கடை, மறுபடி சாக்லேட் கடை. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வரிசை நீளமாக இருந்தது, விட்டுவிட்டோம். குறிஞ்சி 2018-இல் பூத்து முடிந்தது, இனி 2030-தான். மாமா பையனுக்குச் சொன்ன ஒரே வரலாறு, இங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுபோகும். அங்கிருந்து ரோப்வேயில் போடிப் பக்கம் இறக்குவார்கள். 1924 வெள்ளத்தில் தண்டவாளமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. "இப்ப இருந்திருந்தா எவ்வளவு டிக்கெட்டு?" என்றான். டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், காய்கறிக் கடையில் எங்கே திரும்பினாலும் தமிழ்தான். நாலைந்து தலைமுறைக்கு முன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

ஊரைத் தாண்டித் தேயிலைச் சரிவு ஓரமாக வண்டியை நிறுத்திச் சித்தியின் புளிச்சாதத்தைத் தின்றோம். அதன்பிறகு மாமா பையன் ஓட்டினான். இந்தப் பயணத்தில் உண்மையாகவே சொல்ல வேண்டியது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், மறையூர் சுமார் 1,000. இடையில் ஏற்றமும் உண்டு என்றாலும் கடைசிப் பாதி முழுக்க இறக்கம். தேயிலையைக் கீறிக்கொண்டு ரோடு பாம்பாக இறங்கும். நான் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உலகம் அமைதியாகிவிட்டது. காற்றின் சத்தம், எங்கோ ஓடைச் சத்தம், டயர் ரோட்டில் உரசும் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

"மச்சான், சத்தமே இல்லாம போறோம் பாத்தியா?"

சாவியை அணைத்துவிட்டு நியூட்ரலில் விட்டிருந்தான். மறையூர் வரைக்கும் பைசா செலவில்லாமல் போய்விடலாம் என்றான். திட்டியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. பறவை மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் இருவரும் பேசவே இல்லை.

முதலில் வந்தது வாசம். பழைய துணியை அடுப்பில் போட்டால் வருமே, அந்த மாதிரி. பக்கத்தில் எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் வண்டி வேகம் குறையவில்லை. மாமா பையனின் தோள் இறுகியது. பின் பிரேக்கை மிதித்தான், கால் கீழே வரை போனது. முன் பிரேக்கைப் பிடித்தான், லிவர் ஹேண்டில்பாரில் வந்து ஒட்டியது. எதிரே பஸ். ஹாரன் காதைப் பிளந்தது. பஸ்ஸுக்கும் மண் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் எப்படிப் புகுந்தோம் என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

"சாவியப் போடு! செகண்ட் கியர்! செகண்ட்!" என்று கத்தினேன். போட்டான். கிளட்சை விட்டதும் இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் அவன் முதுகில் போய் மோதினேன். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டிய அந்தச் சத்தம்தான் அன்றைக்கு நான் கேட்ட இனிமையான சத்தம். அரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெட்டிக்கடைக்கு முன்னால் மேடான மண்ணில் வண்டி தானாக நின்றது.

பின் சக்கர டிரம்மிலிருந்து லேசாகப் புகை. மாமா பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினான். கடைக்காரர் உள்ளேயிருந்து, "ஊத்தாத, ஊத்தாத! வெடிச்சுப் போகும்" என்று பாய்ந்து வந்தார். அறுபது வயசு இருக்கும். முன்னொரு காலத்தில் தோட்டத்து லாரி ஓட்டியவராம். சாவி அணைந்திருந்ததை நாங்கள் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டார். "எத்தன பேரப் பாத்துட்டேன்" என்றார். பிறகு ஒரு வரி சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கு தம்பி. பிரேக்கு நிறுத்துறதுக்கு, எறங்குறதுக்கு இல்ல."

வீடு திரும்பிய பிறகு இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி, நாங்கள் இரண்டு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 265 கிலோ. ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து அவ்வளவு எடையும் கீழே வருகிறது என்றால் அந்தச் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அது ஏறக்குறைய நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. காற்றும் டயரும் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் பெரும்பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்ளும். அது அதற்கென்றே செய்தது, சூட்டைக் காற்றில் விட அதன்மேல் தகடு தகடாக வைத்திருக்கிறது. நியூட்ரலில் விட்டால் மிச்சம் முழுவதும் உள்ளங்கை அகல பிரேக் ஷூவுக்கு. மூடிய டிரம்முக்குள் அது எங்கே போகும்? டிரம் விரிகிறது, ஷூவின் மேல்பாகம் தீய்ந்து வழுக்குகிறது, பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

இனி மிச்சம் பிடித்த கணக்கு. அந்த இருபது கிலோமீட்டர் இறக்கத்தைச் சமரோட்டில் ஓட்டியிருந்தால்கூட லிட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் குடித்திருக்கும். 35 ரூபாய். டிரம் ஆறுவதற்காக அந்தக் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம், 48 ரூபாய். அடுத்த நாள் உடுமலையில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, நாலு நாளைக்கு முன் போட்ட புது ஷூவை எங்களிடம் காட்டினார். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் மாற்றிக் கூலியோடு 320.

மறையூர் லாட்ஜில் 900 ரூபாய்க்கு ரூம். சாயங்காலம் கரும்புத் தோட்டத்து ஓரம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் போய் நின்றோம். பெரிய வார்ப்பில் பாகு கொதித்து, ஆறவிட்டு, சூடு தாங்கும் பதத்தில் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். பிடித்த விரல்களின் தடம் ஒவ்வொரு உருண்டையிலும் இருக்கிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருவர் சூடாக ஒரு துண்டை இலையில் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மாமா பையன் அன்று பகல் முழுவதும் வாய் திறக்காமல் இருந்தவன், அந்த வெல்லத்தைத் தின்றுவிட்டுத்தான், "மச்சான், அத்தகிட்ட சொல்லிராத" என்றான். அவன் அத்தை என்றால் என் அம்மா. இந்தப் பதிவை அம்மா படிக்காது என்று நம்புகிறேன்.

மறையூரிலிருந்து உடுமலைக்கு இறங்கும் ரோடு சின்னார் காட்டுக்குள் போகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் ஆனைமலைப் புலிகள் காப்பகம், ஒன்பதாறு என்ற இடத்தில் செக்போஸ்ட். பகலில் மட்டும்தான் வழி, சாயங்காலத்தோடு மூடிவிடுவார்கள். பைக்கை அதற்கும் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள், ஆகவே மத்தியானத்துக்குள் தாண்டிவிட வேண்டும். மூணாறில் அத்தனை பச்சையைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு நாடு. மழை மறைவுப் பிரதேசம். முள்மரமும் பாறையும் வெயிலுமாகக் கிடக்கிறது. எனக்கு மூணாறைவிட இந்த முப்பது கிலோமீட்டர்தான் பிடித்தது. நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று பலகைகள். எதிரே வந்த காரின் கண்ணாடி இறங்கி, ஒரு கை சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்குக்கு வீசியது. இறக்கம் முழுக்க இரண்டாவது கியர். இஞ்சின் ஊளையிட்டுக்கொண்டே வந்தது.

பொள்ளாச்சியில் 700 ரூபாய் ரூம், நல்ல தூக்கம். மறுநாள் விடியலில் ஆழியாறு. திட்டம் இதுதான்: ஆறு மணிக்குச் செக்போஸ்ட், ஒன்பதரைக்கு வால்பாறை, மத்தியானம் இறங்கி, பழனி, திண்டுக்கல் வழியாக ராத்திரி மதுரை. காலண்டர் தாளில் எழுதும்போது அது முந்நூறு கிலோமீட்டர் என்று பட்டது. அதில் எண்பது வாக்கில் மலை ரோடு என்பது படவில்லை. இதுதான் என் தப்பு. மாமா பையனுடையது பிரேக், என்னுடையது கடிகாரம். மலையில் கிலோமீட்டரை எண்ணவே கூடாது. ஸ்பிளெண்டரில் இரண்டு பேர் போனால் மணிக்கு இருபதோ இருபத்தைந்தோ, நின்று பார்ப்பது தனி. தூரத்தை நேரமாக மாற்றி எழுதியிருந்தால் நாலு நாள் போதாது என்று மதுரையிலேயே தெரிந்திருக்கும்.

வால்பாறை மலைக்கு நாற்பது கொண்டை ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நிற்பார்கள், ஆழியாறு அணை மொத்தமும் கீழே தட்டு மாதிரித் தெரியும். நாங்கள் நின்றது இன்னும் மேலே, ரோட்டோரச் சுவரின்மேல் மூன்று வரையாடுகள் நின்றதால். மாமா பையன் போனை எடுக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்று எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது. அங்கே மேலே ஏறும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த விதி தெரிந்த ஒரே ஆட்கள் பஸ் டிரைவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஊரை நெருங்கும்போது புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அவை இறங்கி வண்டியில் அடிபடாமல் இருக்க. பதினோரு மணிக்கு மழை பிடித்தது. நின்றுவிடும் என்று டீக்கடையில் ஒதுங்கினோம். ஒரு மணிக்கும் நிற்கவில்லை. இரண்டுக்கும் நிற்கவில்லை. மாமா பையன் இறங்கிவிடலாம் என்றான், ரூமுக்குக் காசு எதற்கு என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் பின் சக்கர டிரம்மைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். "சரி, ரூம் கேளு" என்றான்.

ஆயிரம் ரூபாய். மலையில் தங்குவதில்லை என்று கொள்கை வைத்திருந்தவனுக்கு இது தோல்விதான். ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் மழை விட்டதும் ஒரு நடை போகலாம் என்று கிளம்பினோம். லாட்ஜ்காரர், "அந்தப் பக்கம் வேணாங்க, லைட்டு எரியுது" என்றார். தொலைவில், கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை இருந்தால் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்று பல வருஷமாக வைத்திருக்கும் ஏற்பாடு. படியில் உட்கார்ந்து, மூடுபனிக்குள் அந்தச் சிவப்புப் புள்ளி மறைவதையும் தெரிவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி போன் செய்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு, "வீட்டுக்குப் போயிருப்பீகன்னு நெனச்சேன். நானே வந்துட்டேன்" என்றது.

கடைசிக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். சர்வீஸ் 1,150, சித்தி வீட்டு அல்வா வகையறா 480, பெட்ரோல் 1,240, மூன்று ராத்திரி ரூம் 2,600, சாப்பாடு 2,150, பிரேக் ஷூ 320, பார்க்கிங் மாதிரி உதிரி 250. ஆக 8,190. ஆளுக்கு 4,095. பெட்ரோல் மட்டும் நாங்கள் எழுதியதற்கு நாற்பது ரூபாய்தான் கூடியது. கைக்கும் கண்ணுக்கும் தெரிகிற செலவை எல்லோரும் சரியாகவே போட்டுவிடுகிறோம்.

இப்போது கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். வார நாளில் ஊட்டிக்கு 6,000, கொடைக்கானலுக்கு 4,000. வார இறுதியில் 8,000, 6,000. வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் உண்டு. எடுக்கக் காசு இல்லை, கடைசி நிமிஷத்தில் எடுக்காமல் இருந்தால் போதும்.

ஐந்தாம் நாள் காலை வெயில். நாற்பதாவது வளைவிலிருந்து எண்ணை இறங்குவரிசையில் படித்துக்கொண்டு வந்தோம். சாவியை மாமா பையன்தான் கேட்டு வாங்கினான். இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். பின்னால் வந்த காரெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. அவன் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆழியாறில் செக்போஸ்ட் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். ஸ்டாண்டைப் போட்டு, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பின் டிரம்மில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்து, அங்கேயே வைத்திருந்தான்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு மச்சான்."

பிறகு எழுந்து பெட்ரோல் மூடியைத் திறந்தான். வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"எவ்வளவு குடிச்சிருக்கும்ங்கிற?"